துக்கப் படகில் வந்த தண்ணீர்

கடல் மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தலைவர் சதாசிவம் அண்ணனுக்கும் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் அர்ச்சுனன் எழுதுவது. சின்னையா அண்ணனின் சாம்பல் கரைத்த தண்ணீரை என் வீட்டு மீன் தொட்டிக்குக் கொண்டுபோனேனா இல்லையா என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நேரில் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள். எனக்கு அந்த இடத்தில் வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. நம் கோயில் மண்டபத்தில் மங்களம் டீச்சர் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில், பேரன் பேத்தி எடுத்தவர்களோடு உட்கார்ந்து கற்றது. மெதுவாகத்தான் வரும். பொய்க்குக் கூடுதல் வார்த்தை வேண்டும், கை வலிக்கும். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஜெலாப்பாங்கில் சுண்ணாம்புக்கல் தூள் மூட்டை தூக்குகிறவன். நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் குளித்திருப்பேன். குளிக்காமல் பார்த்தால் அடையாளம் தெரியாது. புருவம் வரை வெள்ளையாக இருக்கும். ஒருநாள் எங்கள் முதலாளியான தவுக்கே தன் வீட்டுச் சாமான்களை அப்புறப்படுத்த எங்களைக் கூப்பிட்டார். அவர் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அவன் வளர்த்த கடல் மீன் தொட்டி அப்படியே நின்றது. மற்ற ஆட்கள் மேசை, நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி என்று கை வைத்தார்கள். நான் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "அர்ச்சுனா, ஒனக்கு வேணும்னா எடுத்துக்க. ஆனா சுசாலா, சாப்பாடு போட்டா மட்டும் பத்தாது" என்றார் தவுக்கே.

அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு அது சுசாவாக, தொல்லையாகத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது சிறு வயதிலேயே தொரை பங்களாவுக்குத் தண்ணீர் தூக்கியவன் நான். யாரோ நன்றாக இருப்பதற்காகத் தண்ணீர் சுமப்பது எனக்குப் பழக்கம்.

தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வரி போட்ட இரண்டு மீன்கள். பொம்பளை மீன்தான் பெரியது. ஆம்பளை மீன் அவள் பின்னாலேயே போகும். அவர்களுக்குத் தொரசாணி, தொரை என்று பெயர் வைத்தேன். நீல நிறத்தில் ஒரு மீன் எல்லா மூலைகளையும் எட்டிப் பார்த்துக் கணக்கெடுக்கும். அது கிராணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கல்லிடுக்கில் உட்கார்ந்து மீசையை ஆட்டுகிற இறால் கங்காணி. விடிந்ததும் விளக்கைப் போட்டு ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்ப்பேன். தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே நிற்க வேண்டியது நான்.

என் மனைவி கலாதேவி முதலில் சிரித்தாள். பிறகு வீட்டில் இருந்த ஒரே குளிர்சாதனத்தைத் தொட்டி இருக்கும் அறைக்கு மாற்றினேன். மீன்களுக்குச் சூடு ஆகாது. அவள் சிரிப்பதை நிறுத்தினாள். "ஒங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோயி விடணும்" என்றாள். "அங்கயும் ஒரு தொட்டி கேப்பீங்க."

தண்ணீருக்கு வருகிறேன். கடையில் உப்புப் பொட்டலம் விற்கிறார்கள், கலந்துகொள்ளலாம் என்பார்கள். ஒருமுறை கலந்து ஊற்றினேன். தொட்டியில் இருந்த பவளம் மூன்று நாள் முகத்தை மூடிக்கொண்டது. அதற்குக் கடல் தெரியும், ஏமாற்ற முடியாது. சரி, லுமுட் போய்க் கரையில் மொண்டுவரலாமே என்றால், கரைத் தண்ணீர் கலங்கல். தெளிந்த தண்ணீருக்குப் படகில் போக வேண்டும். படகுக்காரரிடம் கேட்டேன். அவர் மலாய்க்காரர், வேடிக்கையாகப் பேசுவார். தான் ஆட்களைத்தான் ஏற்றுவதாகவும், தண்ணீர் ஏற்ற வேண்டுமானால் லோரிக்காரனிடம் போகும்படியும் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்திராவிட்டால் பல விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

படகை விடப் பெரிய சிக்கல் லீவு. எங்கள் வேலையில் ஞாயிற்றுக்கிழமையும் மூட்டை ஏறும். லுமுட் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். சூப்பர்வைசர் ஷாஹ்ருல் நல்ல பையன். அப்பா காலத்திலிருந்து ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம், மரியாதை தெரிந்தவன். அவனிடம் உண்மையைச் சொல்லித்தான் கேட்டேன்.

"மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு கேட்டா, நான் மேல என்னாண்ணே எழுதுறது?" என்றான். "யாராச்சும் செத்தா வாங்க. ஒடனே தர்ரேன்லா."

நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

அந்த மாதமே பக்கத்துத் தெருவில் ஒரு துக்கம் விழுந்தது. அவர்களுக்கு வண்டி இல்லை. என் பழைய வேனை எடுத்துக்கொண்டு போனேன். சாம்பல் கரைக்க லுமுட்டுக்குக் கூட்டிப்போனேன். வேனின் பின்னால் நான்கு நீலத் தோங், மூடி போட்ட பீப்பாய்கள், வைத்திருந்தேன். படகில் ஏற்றும்போது ஒரு பையன், "அங்கிள், இது எதுக்கு?" என்றான். "சடங்குக்கு" என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் எது சடங்குக்கு, எது சடங்குக்கு இல்லை என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் மனம் வராது.

சாம்பலைக் கரைத்ததும் சடங்கு செய்கிற பண்டாரம் சொல்வார்: "திரும்பிப் பாக்காம வாங்க." படகு கரைக்குத் திரும்பும். அத்தனை பேரும் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பலகையில் நான் மட்டும் இருப்பேன். தோங்குகள் அந்த நேரத்தில்தான் நிறையும். நம் பெரியவர்கள் எதையும் காரணம் இல்லாமல் ஏற்படுத்தவில்லை என்று நீங்கள் கோயிலில் அடிக்கடி பேசுவீர்கள். அந்த வழக்கத்தின் அருமை எனக்குப் படகில்தான் தெரிந்தது.

அதன் பிறகு நம் தாமான் குடியிருப்பில் எந்தச் சாவாக இருந்தாலும் என் வேன்தான். வாட்சப் குழுவில் செய்தி வந்ததும் முதலில் கைகூப்பும் படம் போடுவது நான்தான். காசு வாங்கியதில்லை. படகு வாடகையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போன திருவிழாவில் சதாசிவம் அண்ணன் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "அர்ச்சுனன் இருக்கிற வரைக்கும் இந்தத் தாமான்ல யாரும் ஆள் இல்லாம போகமாட்டாங்க" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பொன்னாடையை இப்போது திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். தரலாம். தொட்டி அறை ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறேன். வேறு துணி கிடைத்ததும் அவிழ்த்துத் தருகிறேன். வெயில் பட்டால் பாசி பிடித்துவிடும்.

இந்த வருடத் தைப்பூசம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

கலாதேவி பால்குடம் எடுத்தாள். நானும் கூடப் போனேன். வீடு திரும்பியதும் நான் படுத்துவிட்டேன். அவள் அபிஷேகப் பால் ஒரு சொம்பு கொண்டுவந்திருந்தாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மீன்களும் வீட்டில் இருக்கிறவர்கள்தானே என்று மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். கேட்டதற்கு, "முருகன் பால்லா. நல்லதுக்குத்தானே ஊத்துனேன். நீங்கதானே அதுங்கள புள்ளைங்க மாதிரி பாக்கச் சொன்னீங்க?" என்றாள்.

மறுநாள் தொட்டி அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. கிராணி செத்து மிதந்தான். பவளம் சுருங்கிவிட்டது. தொரையும் தொரசாணியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மூச்சுக்குத் தவிக்கிற உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கலாதேவியை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு பேசுவதை மட்டும் நிறுத்தினேன். அவளாகவே காம்பாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் சேமித்து வைத்திருந்த தண்ணீரை மாற்றினேன். கொஞ்சம் தெளிந்தது, பிறகு கலங்கியது. தொட்டி முழுவதற்கும் புதுக் கடல் தண்ணீர் வேண்டும். குழுவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை வணக்கம் என்று ரோஜாப் பூக்கள் வந்தன. பிறந்தநாள் கேக் வந்தது. தைப்பூசம் முடிந்த கையோடு ஜனங்கள் ஒரு தெம்பில் இருக்கிறார்கள். யாரும் போகவில்லை.

சின்னையா அண்ணன் மட்டும்தான் போகிற நிலையில் இருந்தார்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், கிண்டல்காரர். இளைப்பு முற்றி, போன வருடக் கடைசியில், வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மகள் புஷ்பலதா ஃபேக்டரிக்குப் போக வேண்டும். பேத்தி தினேஸ்வரி காம்பார் யுனிவர்சிட்டியில் படித்து முடித்து, பட்டமளிப்புக்குக் காத்திருந்தாள். அங்கேயே வேலையும் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் அண்ணனோடு இருக்க ஆள் இல்லை. என் வேலை அந்த நேரத்தில் முடிந்துவிடும். நானாகத்தான் வருகிறேன் என்றேன். புஷ்பலதா அழுதுவிட்டாள். ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணே, வேல சட்டையோட உள்ள வராதீங்க. அந்தத் தூள் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. வாசல் கொழாயில குளிச்சுட்டு, மாத்துச் சட்டை போட்டுட்டு வாங்க."

அப்படியே செய்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். கமிட்டியில் யாராவது ஒருவர் தன் அப்பாவை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன் பலன், அவர் தேறிவிட்டார்.

தைப்பூசத்துக்குப் பிறகு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பிடித்து வாசல் வரை நடந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அடுத்த மாதம் தினேஸ்வரி அங்கி போட்டுத் தொப்பி வைத்து மேடையில் ஏறுவாள், அதைப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்து லயத்தில் யாரும் அப்படி ஏறியதில்லை. அதற்காகப் புஷ்பலதாவிடம் சொல்லி ஒரு நீலச் சட்டை வாங்கி வைத்திருந்தார். அதைத் தினமும் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்.

என் தோங் விஷயம் தாமானில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவி போனபோது படகில் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்னை மட்டும் கிண்டல் செய்வார்.

"என்னாடா அர்ச்சுனா, தொரைக்குத் தண்ணி பத்தலையா?"

"கலங்கிருச்சுண்ணே."

"மொகத்தப் பாத்தாலே தெரியுதுடா. என்னை ஒரு மாதிரியா பாக்குற." சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. "ஒனக்குத் தண்ணி வேணும். எனக்கு இப்ப டிக்கெட் வேணாம்லா. காம்பார் போய்ட்டு வந்து சொல்றேன், அப்ப தோங்கக் கழுவி வை."

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தேவையே இல்லாத ஒரு மாதம் அது. டாக்டர் எப்போதோ கணக்கை முடித்துவிட்டார். தொட்டிக்கோ ஒரு வாரம்கூட இல்லை. அன்று காலைப் பெரட்டில் கங்காணி வெள்ளையாகப் புரண்டு கிடந்தான்.

அன்று மத்தியானம் லோரி ஏற்றி முடித்தேன். கிளினிக்கில் புஷ்பலதா சொல்லி வைத்திருந்த புது இன்ஹேலரை வழியில் வாங்கினேன். பழையது தீர்ந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்தேன். அவர்கள் வீட்டு வாசலில் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. தண்ணீர் வரவில்லை என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். வந்தது. மூடிவிட்டு உள்ளே போனேன்.

அவர் நீலச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குளிக்கலையாடா? பேய் மாதிரி வந்து நிக்கற."

"அசதிண்ணே."

அசதி என்பது பொய் இல்லை. எனக்கு நாற்பது வருடமாக அசதி.

"மருந்து வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேண்ணே."

காற்றாடி அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று சட்டையை உதறினேன். தூள் மாவு மாதிரி பறந்தது. இன்னொரு தடவையும் உதறினேன். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முதலில் இருமினார். பிறகு இருமல் நின்று இழுப்பு வந்தது. கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைத்தான் பார்த்தார். என் கை பையின் மேல் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாதிரிக் காட்சியைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, நீட்டிய கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நீலச் சட்டையில் படிந்திருந்த தூளைத் தட்டிவிட்டேன். இன்ஹேலரை மேசையில் வைத்தேன்.

இங்கே ஒரு தவறு செய்துவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். புஷ்பலதாவுக்குப் போன் செய்வதற்கு முன்னால், பழக்கத்தில், குழுவில் கைகூப்பும் படத்தோடு "சின்னையா அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று போட்டுவிட்டேன். அவள் ஃபேக்டரிக் கழிவறையில் நின்று அதைப் படித்திருக்கிறாள். மகளுக்குச் செய்தி அப்படிப் போயிருக்கக் கூடாது. உங்களில் பதினேழு பேர் அதற்குள் பதில் போட்டிருந்தீர்கள்.

ஷாஹ்ருல் உடனே லீவு கொடுத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பையன்.

மகன் இல்லாததால் தினேஸ்வரிதான் சாம்பல் சட்டியைப் பிடித்தாள். படகில் பண்டாரம் மந்திரம் சொன்னார், அவள் கரைத்தாள், பூ மிதந்து போனது. "திரும்பிப் பாக்காம வாங்க" என்றார். படகு திரும்பியது. நான் என் வேலையை ஆரம்பித்தேன். கடைசித் தோங் நிறைகிற நேரத்தில் புஷ்பலதா திரும்பிப் பார்த்துவிட்டாள். பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தாள். கமிட்டி அதைப் பற்றி அவளிடம் ஏதாவது கேட்டதா என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். தொட்டி கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பவளம் விரிந்திருந்தது. தொரையும் தொரசாணியும் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, எங்கப்பா இதுலயா இருக்காரு?"

"இல்லம்மா" என்றேன்.

கண்ணாடியில் கை வைத்து அழுதாள். அவள் போன பிறகு கை அடையாளத்தைத் துடைத்தேன்.

அவள் அதோடு நிற்காமல் உங்களிடம் வந்திருக்கிறாள். சமய விரோதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தீட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பரிகாரப் பூசைக்கு ஆகும் செலவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். சின்னையா அண்ணன் எப்படிப் போனார் என்று அதில் ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்டதற்குப் பதில் முழுமையாகும் என்பதால் இவ்வளவு எழுதினேன். அவரைக் கொன்றது நான்தான். தூளும் என்னுடையது, இன்ஹேலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் சாம்பல் விஷயத்தை ஒத்துக்கொள்ள முடியாது. அது அபாண்டம். படகு திரும்பி நன்றாக விலகிய பிறகுதான் மொண்டேன். நீரோட்டம் சாம்பலைக் கடல் பக்கம் இழுத்துப் போயிருந்தது. நான் மொண்டது மறுபக்கம். அதையும் வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு நாள் தெளியவிட்டு, மறுபடி வடிகட்டித்தான் ஊற்றினேன். ஒரு பொட்டுச் சாம்பல் அதில் இல்லை. கமிட்டியில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

நீங்கள் என்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கக் கூடாது. என்னை நம்பி இருக்கிற ஓர் உயிருக்கு நான் ஒருநாளும் கெடுதல் செய்ததில்லை.